குணமாக்குவது தண்ணீரா... குளிக்கிற முறையா?

"ஏங்க, ஜப்பான்ல ஏதோ வெந்நீர் ஊற்றாம். அதுல ஒரு தடவை முங்கி எழுந்தா முட்டி வலியெல்லாம் பறந்துடுமாமே!"

இந்தப் பேச்சு இப்போது பல வீடுகளில் கேட்கிறது. பிள்ளையோ மருமகளோ டோக்கியோவில் வேலையில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்பா அம்மாவை அழைத்துப் போய்க் காட்டுகிற இடங்களின் பட்டியலில் ஃபியூஜி மலைக்கு அடுத்தபடி வருவது 'ஒன்சென்' என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியல்தான்.

போகலாமா? தாராளமாகப் போகலாம். உடம்புக்கு நல்லதா? பெரும்பாலானவர்களுக்கு நல்லதுதான். ஆனால், அந்த நன்மை எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் கட்சி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்குத்தான் எல்லாப் பெருமையும் என்று நினைப்பவர்கள், மாத்திரையைத் தூர வைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பூமிக்கு அடியில் ஒரு அடுப்பு

ஜப்பான் எரிமலைகளின் நாடு. பூமிக்கு அடியில் இருக்கும் சூட்டில் கொதிக்கும் தண்ணீர், பாறைகளில் இருந்து கந்தகம், இரும்பு, உப்பு என்று பலதையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. நாடு முழுக்க இப்படி 27,000-க்கும் மேற்பட்ட ஊற்றுக் கண்கள். அவற்றைச் சுற்றித் தங்கும் வசதியுடன் வளர்ந்த ஊர்கள் மட்டும் ஏறக்குறைய 3,000!

எதை ஒன்சென் என்று சொல்லலாம் என்பதற்கு 1948-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். பூமிக்குள்ளிருந்து வெளியே வரும் இடத்தில் தண்ணீரின் சூடு 25 டிகிரி சென்டிகிரேடாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சட்டத்தில் சொல்லியிருக்கும் 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும்.

25 டிகிரி என்பது என்ன? சித்திரை மாதத்தில் நம்ம மாடித் தொட்டித் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும்! ஆக, ஒன்சென் என்று போர்டு போட்டிருந்தாலே அது அபூர்வ மூலிகைத் தண்ணீர் என்று அர்த்தமில்லை. வெதுவெதுப்பாக ஊறும் தண்ணீரை மேலும் காய்ச்சி நிரப்புகிற இடங்களும் நிறைய உண்டு.

குளிப்பதற்கு முன்னால் குளிக்க வேண்டும்!

ஒன்சென்னுக்குள் நுழைந்ததும் நம்மவர்களுக்கு முதல் அதிர்ச்சி, துணியே கூடாது என்பதுதான். நீச்சல் உடை கூடாது, லுங்கி கூடாது, துண்டு கட்டிக்கொண்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று வாசலிலேயே வெவ்வேறு நிறத் திரை தொங்கும். உள்ளே போனால் எல்லோரும் பிறந்த மேனிதான்.

"ஐயோ, மானம் போச்சே!" என்று பதற வேண்டாம். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிஷத்தில் கூச்சம் போய்விடும். அப்படியும் மனசு ஒப்பவில்லையா? குடும்பத்துக்கென்று ஒரு மணி நேரம் தனியாக வாடகைக்கு விடும் குளியலறைகள் பல விடுதிகளில் இருக்கின்றன. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஆச்சரியம், தொட்டியில் இறங்குவதற்கு முன்பே சுத்தமாகக் குளித்து முடித்துவிட வேண்டும். சுவரோரம் வரிசையாகக் குட்டி முக்காலிகள், கைப்பிடி ஷவர், சோப்பு, ஷாம்பூ எல்லாம் இருக்கும். உட்கார்ந்து தலை முதல் கால் வரை தேய்த்துக் கழுவி, சோப்பு நுரை ஒரு சொட்டு இல்லாமல் அலசிவிட்டுத்தான் பொதுத் தொட்டிக்குப் போக வேண்டும். நீளக் கூந்தலைத் தூக்கி முடிந்துகொள்ள வேண்டும். கையில் இருக்கும் சின்ன டவல்கூடத் தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அவர்களுக்கு அழுக்குப் போக்குவது ஒரு வேலை. வெந்நீரில் ஊறுவது வேறு வேலை. வீட்டிலும் இதே வழக்கம்தான். ஒரே தொட்டித் தண்ணீரில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக ஊறுவார்கள். முதலில் இறங்குகிறவர் அழுக்கோடு இறங்கினால் மற்றவர்கள் கதி என்ன? அடுத்தவருக்காகவும் சேர்த்துச் சுத்தமாக இருப்பது என்பதைக் குழந்தையிலிருந்தே இப்படிக் குளியலறையில் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

இறங்கிய பிறகு? ஒன்றுமே செய்ய வேண்டாம்! நீந்தக் கூடாது, கத்திப் பேசக் கூடாது, செல்போனுக்கு அனுமதி இல்லை. கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்து, எதிரே மலையையோ மரத்தையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கம்பெனி முதலாளியா, கடைச் சிப்பந்தியா என்று சொல்ல முடியாது. சட்டையைக் கழற்றும்போதே அந்தஸ்தும் கூடையில் போய்விடுகிறது.

ஊருக்கு ஒரு ருசி

ஷிகோகு தீவில் மட்சுயாமா நகரத்தில் இருக்கிறது டோகோ. ஜப்பானின் மிகப் பழைய வெந்நீர் ஊற்றுகளில் ஒன்று. காலில் அடிபட்ட ஒரு வெள்ளைக் கொக்கு தினமும் வந்து இந்தத் தண்ணீரில் காலை நனைத்துக் குணமானதாகவும், அதைப் பார்த்துத்தான் மனிதர்கள் இறங்க ஆரம்பித்ததாகவும் கதை. இங்கே மூன்று அடுக்கு மரக் குளியல் மாளிகையை 1894-ல் கட்டினார்கள். நாட்சுமே சோசெகியின் 'போச்சான்' நாவலில் (1906) இந்தக் குளியல் வருவதால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட ஊர்ப் பெயர் தெரியும். 2019-ல் ஆரம்பித்த பழுதுபார்ப்பு வேலைகள் முடிந்து, 2024-ல் மாளிகை முழுதாகத் திறக்கப்பட்டது.

மலைமேல் இருக்கும் குசாட்சு இன்னொரு ரகம். ஊர் நடுவில் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர் ஆவி பறக்கக் கொட்டிக்கொண்டிருக்கும். எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலம் உள்ள தண்ணீர். இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் சில நாட்களில் இளைத்துவிடும்! கொதிப்பைக் குறைக்கப் பச்சைத் தண்ணீர் கலந்தால் வீரியம் போய்விடும் என்று, நீளப் பலகைகளால் தண்ணீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுவார்கள். பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே அப்படிப் புரட்டுவது இன்றைக்கும் அங்கே ஒரு காட்சி. 1876-ல் ஜப்பானுக்கு மருத்துவம் கற்பிக்க வந்த ஜெர்மன் டாக்டர் எர்வின் பேல்ஸ், குசாட்சுவின் பெருமையை வெளி உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர்.

கினோசாகி, ஏழு பொதுக் குளியல் வீடுகளுக்குப் பெயர்போன ஊர். மாலையில் பருத்தி யுகாட்டா உடையும் மரச்செருப்புமாக ஒரு குளியலில் இருந்து இன்னொன்றுக்குக் குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள். பெப்புவில் ஊற்றுக் கண்களே 2,000-க்கு மேல். அங்கே சூடான மணலில் கழுத்துவரை புதைத்துவிடும் குளியலும் உண்டு.

மனிதர்களை விடுங்கள். நாகானோ மலையில் பனிக் காலத்தில் குரங்குகள்கூட வெந்நீர்க் குளத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண் குரங்குகளின் சாணத்தைச் சோதித்த கியோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், குளிக்கும் காலத்தில் மன அழுத்தத்துக்கான ஹார்மோன் குறைந்திருப்பதாக 2018-ல் எழுதினார்கள். குரங்குக்கே நிம்மதி என்றால் நமக்கு இருக்காதா?

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாற்பது டிகிரி தண்ணீரில் உட்கார்ந்தவுடன் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்த ஓட்டம் கூடுகிறது, இறுகிய தசைகள் தளர்கின்றன. தண்ணீர் உடம்பைத் தூக்கிப் பிடிப்பதால் முட்டியும் இடுப்பும் சுமக்கும் பாரம் பெருமளவு குறைகிறது. மூட்டு வலிக்காரர்கள் "அப்பாடா!" என்று சொல்வது இதனால்தான்.

தூக்கம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. வெந்நீரில் உடம்பின் சூடு கொஞ்சம் ஏறி, வெளியே வந்த பிறகு மெதுவாக இறங்குகிறது. அந்த இறக்கம்தான் மூளைக்குத் 'தூங்கு' என்கிற சிக்னல். படுக்கப் போவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால், சராசரியாகப் பத்து நிமிஷம் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று 2019-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த டெக்சாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.

கவனியுங்கள். இந்த நன்மைகளில் எதற்கும் கந்தகம் தேவையில்லை, இரும்பு தேவையில்லை. சூடும் தண்ணீரும் நேரமும் போதும்.

உப்புக்கு எவ்வளவு மதிப்பு?

தாதுத் தண்ணீரின் பெருமை இன்று நேற்று வந்ததல்ல. தமாட்சுகுரி என்ற ஊற்றில் ஒருமுறை குளித்தால் அழகு, திரும்பக் குளித்தால் சகல நோயும் தீரும் என்கிற பொருளில் 733-ஆம் ஆண்டு ஏட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றும் ஒவ்வொரு ஒன்சென்னிலும் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் மாட்டியிருப்பார்கள். நரம்பு வலி, சர்க்கரை, வெட்டுக் காயம் என்று எதெதற்கு நல்லது என்றும் எழுதியிருக்கும்.

எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. உப்புத் தண்ணீரில் குளித்தால் வெளியே வந்த பிறகும் உடம்பில் கதகதப்பு நிற்கும். அமிலத் தண்ணீர் தோலில் உள்ள சில கிருமிகளைக் கொல்லும். மூட்டு வலிக்கும் சில தோல் நோய்களுக்கும் தாதுத் தண்ணீர் இதம் தருவதாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவை கொஞ்சம் பேரை வைத்துச் செய்தவை. 'இதம்' என்பது வேறு, 'குணம்' என்பது வேறு.

2004-ல் நடந்த ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். நாகானோ மாகாணத்தில் ஷிராஹோனே என்ற ஊரின் தண்ணீர், பால்போல வெள்ளையாக இருப்பதற்குப் பிரசித்தம். அந்த வெண்மை குறைந்துபோனபோது, அங்கே சில குளியல் இடங்களில் குளியல் பொடியைக் கரைத்து நிறம் ஏற்றியது வெளியே வந்தது. நாடே கொதித்தது. அடுத்த ஆண்டே, தண்ணீர் கலக்கிறோமா, காய்ச்சுகிறோமா, சுற்ற விட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறோமா, கிருமிநாசினி போடுகிறோமா என்பதையெல்லாம் எழுதி மாட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள்.

ஏமாற்றியது தப்புதான். ஆனால் ஒரு கேள்வி. பொடி கரைத்த அந்தத் தண்ணீரில் ஊறியவர்களுக்கும் உடம்பு லேசாகித்தானே இருக்கும்? அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கித்தானே இருப்பார்கள்?

இன்னொரு ஆதாரம். ஜப்பானில் நடுத்தர வயதினர் சுமார் 30,000 பேரை 1990-லிருந்து 2009 வரை தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் வரை மட்டும் தொட்டியில் ஊறுகிறவர்களைவிட, அநேகமாகத் தினமும் ஊறுகிறவர்களுக்கு இதய, ரத்தக் குழாய் நோய்கள் 28 சதவிகிதம் குறைவு என்று 2020-ல் வெளியான முடிவு சொல்கிறது. தினமும் நேரம் ஒதுக்கி ஊற முடிகிறவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் இவர்கள் ஒன்சென் தேடிப் போனவர்கள் இல்லை. சாதாரணக் குளியல் தொட்டியில் ஊறியவர்கள்!

அந்தக் காலத்து ஜப்பான் விவசாயிகள் அறுவடை முடிந்ததும் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒன்சென்னுக்குப் போய், ஒரு வாரம் இரண்டு வாரம் என்று தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு ஊறிவிட்டு வருவார்கள். முதுகொடிய நாற்று நட்டவருக்கு வேலையில்லாத பதினைந்து நாள், வேளைக்குச் சாப்பாடு, ஆழ்ந்த தூக்கம், கூடப் பேச நாலு பேர். இதில் எந்த வியாதிதான் கொஞ்சம் குறையாது? பெருமை மட்டும் தண்ணீருக்குப் போய்விட்டது.

அதே வெந்நீரின் இன்னொரு முகம்

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

குளியலை இவ்வளவு நேசிக்கும் ஜப்பானில், 2019-ல் வீட்டுக் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தவர்கள் ஏறக்குறைய 5,000 பேர். பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்கள். அதே ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 3,215 பேர்தான்! குளிக்கும்போது வரும் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்தால் வருஷத்துக்குச் சுமார் 19,000 உயிர்கள் என்று அங்கே ஒரு மதிப்பீடு உண்டு.

ஏன் இப்படி? குளிர்காலத்தில் உடை மாற்றும் அறை சில்லென்று இருக்கும். துணியைக் கழற்றியதும் ரத்தக் குழாய்கள் சுருங்கி பி.பி. ஏறும். உடனே 42 டிகிரித் தண்ணீரில் இறங்கினால் குழாய்கள் விரிந்து பி.பி. சரசரவென்று இறங்கும். திடீரென்று எழுந்தால் இன்னும் இறங்கும். தலை சுற்றும், மயக்கம் வரும். தரையில் மயங்கினால் யாராவது பார்ப்பார்கள். தண்ணீருக்குள் மயங்கினால்? சத்தமே வராது.

கிருமி விஷயமும் உண்டு. தண்ணீரைச் சுற்ற விட்டுத் திரும்பப் பயன்படுத்தும் இடங்களில் பராமரிப்பு சரியில்லை என்றால் 'லெஜியோனெல்லா' என்ற கிருமி பெருகும். ஆவியோடு மூச்சில் போய் நிமோனியாவைக் கொடுக்கும். 2002-ல் மியாசாகி மாகாணத்தில் ஒரு ஒன்சென்னில் இப்படி ஏழு பேர் இறந்தார்கள். எத்தனை உயர்ந்த தாதுத் தண்ணீரும் சுத்தம் இல்லாவிட்டால் விஷம்தான்.

அதற்காகப் பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. மருந்தைப்போல மதிக்கச் சொல்கிறேன். மருந்து என்றால் அளவு உண்டு, வேளை உண்டு, யாருக்கு ஆகாது என்ற கணக்கும் உண்டு அல்லவா?

போகிறவர்கள் கவனத்துக்கு...

* காய்ச்சல், ஆறாத புண், கடுமையான இதய நோய், நுரையீரல் நோய் இருந்தால் வேண்டாம். பி.பி., சுகர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

* மாத்திரையை நிறுத்தவே கூடாது. இன்சுலின் போட்டுக்கொண்டதும் வெந்நீரில் இறங்காதீர்கள். சூட்டில் அது வேகமாக ரத்தத்தில் கலந்து, சர்க்கரை சட்டென்று குறைந்துவிடும்.

* சுகரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காது. வெந்த பிறகுதான் தெரியும். கூட வந்தவரைத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூடு அதிகம் என்றால் இறங்க வேண்டாம். தெருவோரம் கால் நனைக்கும் குட்டித் தொட்டிகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

* வெறும் வயிற்றிலும் கூடாது, சாப்பிட்ட கையோடும் கூடாது. மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது.

* முதலில் காலில் ஆரம்பித்து மேல்நோக்கி வெந்நீரை மொண்டு ஊற்றி உடம்பைப் பழக்குங்கள். தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஊறுவது பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஜப்பான் அரசாங்கமே தன் மக்களுக்குச் சொல்லும் அளவு இது.

* எழும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்திருங்கள். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வயதானவர்களைத் தனியாக விடாதீர்கள்.

* மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். கந்தகத் தண்ணீர் பட்டால் கறுத்துப்போகும்!

என்னைக் கேட்டால், அந்த நாட்டில் இருந்து நாம் கொண்டுவர வேண்டியது பாட்டிலில் அடைத்த கந்தகப் பொடியை அல்ல. வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, அடுத்தவருக்காகவும் சேர்த்துச் சுத்தமாக இருக்கும் பழக்கம். இன்னொன்று, ஒரு நாளில் பதினைந்து நிமிஷமாவது எந்த வேலையும் இல்லாமல், எந்த போனும் இல்லாமல் உடம்போடு உட்கார்ந்திருக்கும் தைரியம்.

காலையில் குக்கர் விசிலுக்கும் ஸ்கூல் வேனுக்கும் நடுவில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பதினைந்து நிமிஷத்தை யார் கொடுப்பது? அதற்கு டோக்கியோ டிக்கெட் தேவையில்லை. ராத்திரிப் பாத்திரத்தை வீட்டில் இன்னொருவர் தேய்த்துக் கொடுத்தால் போதும். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரோடு அவரை பாத்ரூமுக்கு அனுப்பிவிட்டு, வெளியே நின்று கதவைத் தட்டாமல் இருங்கள். இன்றைக்கே ஆரம்பிக்கலாம்!